'பார்லென்ட்' என்று படித்தவன் எழுதுகிறேன்

சற்று நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கிவிட்டு வந்து படிக்கவும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பிரான்சிலிருந்து ஒரு வாட்சப் அழைப்பு வந்தது. 1998-ல் பத்தாம் வகுப்பு முடித்த மாணவி. பெயர் வேண்டாம், அந்த செட்டுக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். புதுச்சேரியில் சொல்தா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் போன பெண். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. இவளுக்கு மட்டும் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு.

"ஐயா, ஊருக்கு வந்துட்டுத் திரும்பும்போது ஏர்போர்ட்ல அவங்க மூணு பேரும் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. சின்னவன் அந்தப் பக்கம் நின்னு கையாட்டுறான். பதினேழு வருஷமா இப்படித்தான்."

குடியுரிமை கேட்க வேண்டுமானால் மொழித்தேர்வில் தேறிய சான்று வேண்டும். முன்பு பி1 என்ற நிலை போதும் என்றிருந்தது. இந்த 2026 சனவரி முதல் அதை பி2 ஆக்கிவிட்டார்கள், ஒரு படி மேலே. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். பேச்சில் போய்விட்டது. 'வினைச்சொற்களின் உச்சரிப்பைக் கவனிக்கவும்' என்று சொன்னார்களாம்.

"அதுக்கு எனக்கு எதுக்கும்மா போன் பண்ற? நான் தமிழாசிரியன் ஆச்சே."

"நீங்கதான ஐயா அசை பிரிக்கச் சொல்லிக் குடுத்தீங்க. இங்க டீச்சர் சிலாப் சிலாப்னு கைதட்டி எண்ணச் சொல்றாங்க. எனக்கு நேர் நேர் தேமாதான் ஞாபகம் வருது."

சிலாப் என்றால் பிரெஞ்சில் அசை. அவளுக்குத் தெரியாமல் அவள் தொட்டது என் பழைய புண் ஒன்றை. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் பிரெஞ்சு கற்க ஆசைப்பட்டு, சனிக்கிழமைதோறும் திண்டிவனம் போய்ப் புதுச்சேரி பேருந்து பிடித்து ஒரு மாலை வகுப்புக்குப் போனேன். எங்கே என்பது வேண்டாம். எட்டாவது வாரமோ ஒன்பதாவது வாரமோ என்னைப் பாடம் படிக்கச் சொன்னார்கள். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்று பொருள்படும் ஒரு வாக்கியம். இரண்டே சொல். வினைச்சொல்லின் கடைசியில் இ, என், டி என்று மூன்று எழுத்து அச்சில் நிற்கிறது. கண்ணில் பட்டதை விடக்கூடாது என்று வளர்ந்தவன் நான். 'இல்ஸ் பார்லென்ட்' என்று கணீரென்று படித்தேன். வகுப்பு சிரித்தது. சொல்லிக்கொடுத்தவரும் சிரித்தார். 'இல் பார்ல்' என்று திருத்தினார், அவ்வளவுதான். ஏன் அந்த மூன்று எழுத்தும் ஊமை என்று கேட்டேன். 'அது அப்படித்தான்' என்றார். இன்னும் மூன்று சனிக்கிழமை போனேன். பிறகு போகவில்லை.

'அது அப்படித்தான்' என்பதை நான் என் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்லியிருந்தால் மன்னிக்கவும்.

வகுப்பை விட்டேனே தவிர கேள்வியை விடவில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த இலக்கணங்கள், நூலகங்கள், ஓய்வுக்குப் பிறகு இந்தக் கைபேசி என்று நாற்பது வருடமாக அந்த மூன்று எழுத்தைத் துரத்தியதில் தெரிந்ததைத்தான் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

வல்லத்துக்காரனுக்குப் பிரெஞ்சு எதற்கு என்று சில உறவினர்கள் கேட்பார்கள். நம் பக்கத்து மலையைப் பாருங்கள். 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். 1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது, ஏப்ரலில் செஞ்சியும் விழுந்தது. ஆக, பத்து வருடத்துக்குமேல் செஞ்சியில் பிரெஞ்சுக்காரன் கொடிதான். அதற்கு முந்தின வருடம், 1760 சனவரியில், வந்தவாசியில் இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டதும் நம் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரித்தான். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும்போது தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வருகிறதே, கோணல்மாணலாக வெட்டிய துணி மாதிரி, அதுவும் அந்தக் காலத்து மிச்சம்.

இன்னொரு மிச்சம் வாயில் இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்கிறார்களே, அந்தச் சொல்லின் பிரெஞ்சு எழுத்தைப் பாருங்கள், கடைசியில் ஒரு டி இருக்கும். நம் மக்கள் அந்த டி-யை ஒருநாளும் சொன்னதில்லை. கடற்கரையில் 2014-ல் இடிந்து விழுந்து மறுபடி கட்டிய 'மேரி' கட்டடத்தை மேரி மாதா பெயரால் வந்தது என்று நினைத்திருந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அது நகராட்சி மன்றத்துக்குப் பிரெஞ்சுப் பெயர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஆனந்தரங்கப் பிள்ளை. துப்ளெக்சின் துபாஷியாக இருந்தவர். 1736-ல் தொடங்கி, சாகும்வரை, 1761 வரை, தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக்காரர்களைக் குறிக்கும்போது 'முசே' என்று போடுவார். நம் 'திருவாளர்' மாதிரியான சொல் அது. பிரெஞ்சில் எழுதினால் எட்டு எழுத்து, நடுவில் என், கடைசியில் ஆர். பிள்ளையின் 'முசே'யில் அந்த னகரமும் இல்லை, ரகரமும் இல்லை. இன்று பாரிசில் நடந்துபோகிறவர் வாயிலும் இல்லை. அவர் எழுதினது அச்சைப் பார்த்து அல்ல, காதில் விழுந்ததை. இருநூற்றெழுபது வருடத்துக்கு முன்பே அந்த எழுத்துகள் ஊமையாகிவிட்டன என்பதற்கு நம் ஊர்த் தமிழ் எழுத்து ஒரு சான்று. நான் கண்ணை நம்பினேன், அவர் காதை நம்பினார்.

இனி அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பாடத்துக்கு வருகிறேன்.

முதல் ஞாயிறு. பேசுதல் என்ற வினையை எடுத்துக்கொண்டோம். நான் பேசுகிறேன்: ழெ பார்ல். நீ பேசுகிறாய்: தியு பார்ல். அவன் பேசுகிறான்: இல் பார்ல். நாம் பேசுகிறோம்: நூ பார்லோன். நீங்கள் பேசுகிறீர்கள்: வூ பார்லே. அவர்கள் பேசுகிறார்கள்: இல் பார்ல். (இந்த 'ழெ'யில் இருக்கும் ழ நம் ழ அல்ல. அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் சிற்றிதழ்க்காரர்கள் இதைக் கடன் வாங்கினார்கள். நாக்கை மடக்கினால் கெட்டது. 'லோன்' என்பதில் உள்ள னகரமும் முழு னகரம் அல்ல, நாக்கு மேலே தொடாமல் மூக்கிலேயே கரைந்துவிடும்.)

எழுதும்போது ஐந்து விதம், கேட்கும்போது மூன்றே விதம். தன்மை ஒருமை, முன்னிலை ஒருமை, படர்க்கை இரண்டும், ஆக நான்கும் காதுக்கு ஒன்றுதான். "அசை பிரி" என்றேன். பார்ல், ஓர் அசை. பார்-லோன், இரண்டு. "நேர் நேர், தேமா!" என்று அங்கே கத்தினாள். பின்னால் யாரோ பிள்ளை சிரித்தது கேட்டது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நம் அசையும் அவர்கள் அசையும் ஒன்றல்ல. நமக்கு 'கபி' என்பது குறிலிணை, ஒரே நிரையசை. அவர்களுக்கு அது க, பி என்று இரண்டு. அவர்கள் கணக்கு எளிது: வாயில் எத்தனை உயிர் ஒலிக்கிறதோ அத்தனை அசை. 'வைத்துக்கொள்கிறோம்' என்பதற்கு நூ தெனோன் என்பார்கள். நம் கணக்கில் தெனோன் ஒரே நிரை. அவர்கள் கணக்கில் தெ-னோன், இரண்டு. அதேபோல் இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் நின்றால் அது பின்னால் வரும் உயிரோடு போகும். இரண்டு மெய் நின்றால் பெரும்பாலும் ஆளுக்கொன்றாகப் பிரியும், பார்-லோன் மாதிரி. வல்லின மெய் போன்றவற்றை அடுத்து ரகர லகரம் இரண்டாவதாக வந்தால் மட்டும் இரண்டும் சேர்ந்தே பின்னால் போகும். இவ்வளவுதான் பிரிக்கும் சட்டம். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

எங்கே நேரம் பிடித்தது என்றால், அந்த ஊமை எகரத்தில். 'பார்ல்' என்பதன் கடைசியில் ஓர் எகரம் அச்சில் நிற்கிறது. சிலசமயம் லேசாகக் காதில் விழும், சிலசமயம் விழாது. பாட்டில் எண்ணுகிறார்கள், பேச்சில் எண்ணுவதில்லை. அந்தப் பெண்ணுக்கு இது பெரிய தலைவலி. "எப்ப சொல்லணும் எப்ப விடணும்னே தெரியல ஐயா."

"குற்றியலுகரம் ஞாபகம் இருக்கா?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அரை மாத்திரை" என்றாள்.

அதேதான். 'காது' என்று சொல்லும்போது கடைசி உகரத்தை நாம் முழுசாகவா சொல்கிறோம்? உதடு குவியாமல் அரைகுறையாக விடுகிறோம். 'பசு'வின் உகரம் அப்படி இல்லை. ஓர் உயிர் தன் முழு மதிப்பை இழந்து, இருக்கிறதா இல்லையா என்ற நிலையில் நிற்பதை நம் முன்னோர் கண்டு, பெயர் வைத்து, இலக்கணத்தில் தனி இடம் கொடுத்துவிட்டார்கள். பிரெஞ்சின் ஊமை எகரம் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அடுத்து உயிர் வந்தால் குற்றியலுகரம் என்ன ஆகும்? மெய்யை விட்டுவிட்டு ஓடிவிடும். ஆறு, எங்கே: ஆறெங்கே. அங்கேயும் அதே கதை. 'அவள் நேசிக்கிறாள்' என்பதற்கு எல், எம் என்ற இரண்டு சொல். எல் என்பதன் கடைசியில் ஊமை எகரம் எழுதப்பட்டிருக்கிறது. சேர்த்துச் சொன்னால் எ-லெம். எகரம் போன இடம் தெரியாது.

பாட்டுக்கு வருவோம். பிரெஞ்சு மரபுக்கவிதையில் பன்னிரண்டு அசை கொண்ட அடி ஒன்று உண்டு, ராசீன் முதல் ஹியூகோ வரை எல்லோரும் எழுதியது. அடிக்கு நடுவில் மெய்க்கு முன்னால் ஊமை எகரம் வந்தால் ஓர் அசையாக எண்ண வேண்டும். அடியின் கடைசியில் வந்தால் எண்ணக் கூடாது, பதின்மூன்றாவதாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நம் வெண்பாவின் ஈற்றுச்சீரை நினைத்துப் பாருங்கள். நாள், மலர் என்று ஓரசையில் முடியலாம். அல்லது காசு, பிறப்பு என்று குற்றியலுகரம் ஒட்டிக்கொண்டும் முடியலாம். அந்த உகரத்தை இன்னொரு அசையாகக் கணக்குப் போட்டு யாரும் வெண்பா தவறு என்பதில்லை. தொல்காப்பியர் இப்படி உகரம் ஒட்டிய அசைகளுக்கு நேர்பு, நிரைபு என்று தனிப்பெயரே வைத்தார். ஏழாயிரம் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு மொழி, ஒன்றையொன்று பார்த்ததே இல்லை, அடியின் கடைசியில் தேய்ந்துபோன உயிருக்கு ஒரே மாதிரி சலுகை கொடுத்திருக்கின்றன. இதைக் கண்டுகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டம்மாவை எழுப்பிச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது ஞாயிறு புணர்ச்சி. தமிழ் + அரசு என்பதை நாம் தமிழ்-அரசு என்று வெட்டிச் சொல்வதில்லை, த-மி-ழ-ர-சு. மெய்யின்மேல் உயிர் ஏறிவிடும். பிரெஞ்சும் அப்படித்தான். 'அவன் நேசிக்கிறான்' இல் + எம், சொல்லும்போது இ-லெம். 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்றால் இல்ஸ் + எம். தனியாக நின்றால் அந்த ஸ் ஊமை. உயிர் பின்னால் வந்ததும் ஊமைக்கு வாய் வந்துவிடுகிறது, ஆங்கில இசட் ஒலியாக: இல்-ஸெம்.

இந்த இடத்தில் அவளை நிறுத்தினேன். இ-லெம், இல்-ஸெம். ஒருமைக்கும் பன்மைக்கும் காதில் இருக்கும் வித்தியாசம் அந்த ஒரு ஸ் மட்டும்தான். வினையின் கடைசியில் அச்சில் நிற்கும் இ, என், டி மூன்றும் காதுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. அவளோ முன்னால் இருக்கும் ஸ்-ஐ விழுங்கிவிட்டு, பின்னால் இருக்கும் ஊமை எழுத்தை உச்சரித்துக்கொண்டிருந்தாள். கேட்பவருக்கு யார் நேசித்தார், ஒருவரா பலரா என்றே விளங்காது. மதிப்பெண் எங்கே போனது என்று எங்கள் இருவருக்கும் அன்றைக்குத் தெரிந்தது.

அடுத்தது அழுத்தம். ஆங்கிலம் படித்த நமக்கு அழுத்தம் என்றால் அகராதியில் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்வது. பிரெஞ்சில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே மூச்சில் சொல்லும் சொற்கூட்டத்தின் கடைசி ஒலிக்கும் அசையில் குரல் சற்று நீளும், அவ்வளவுதான். 'இல் பார்ல்' என்றால் 'பார்ல்' நீளும். 'நன்றாகப் பேசுகிறான்' என்று 'ப்யேன்' சேர்த்துவிட்டால் நீளம் அங்கே போய்விடும், 'பார்ல்' சாதாரணமாகிவிடும். 'பேசுகிறானா?' என்று திருப்பிக் கேட்டால் பார்ல்-தில், கடைசி 'தில்' நீளும். அழுத்தம் சொல்லுக்குச் சொந்தமல்ல, கூட்டத்துக்குச் சொந்தம். பந்தியில் கடைசி இலைக்காரருக்குத்தான் பாயசம் அதிகம்.

தமிழன் வாய்க்கு இது சிரமம். நமக்குக் குரல் ஊன்றுவது சொல்லின் தொடக்கத்தில். 'போன்ழூர்' என்பதை நாம் 'போன்' என்று முட்டிக்கொண்டு ஆரம்பிப்போம், அவர்கள் 'ழூர்' என்று இழுத்து முடிப்பார்கள். பெயர்களைப் பாருங்கள். பிரெஞ்சு இந்தியாவில் 1881-ல் வந்த ஆணைப்படி, நம் சட்ட வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லா போர்த்' ஆனார், 'கதவு' என்று பொருள். மற்றபடி அப்பா பெயரையே வைத்தவர்களுக்கும் எழுத்து மாறியது, உகரத்துக்கு ஓ-யூ, சகரத்துக்கு இரட்டை எஸ் என்று. என் மாணவியின் மகன் பள்ளியில் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது, ராசுவில் முடியும் அவர்கள் குடும்பப் பெயரின் கடைசி உகரத்தை 'ஜூஊ' என்று இழுப்பாராம். நம் குற்றியலுகரம், பாவம், அங்கே போய் முற்றியலுகரமாகி, அதற்குமேல் அழுத்தமும் சுமக்கிறது. அந்தப் பையன் ஊருக்கு வந்தால் ஆயாவிடம் தன் பெயரையே அப்படித்தான் சொல்கிறான்.

சரி, ஏன் கடைசி அசை? ஏன் ஊமை எழுத்து? 'அது அப்படித்தான்' என்று என்னிடம் சொல்லப்பட்ட இடம் இது.

பிரெஞ்சுக்குத் தாய் லத்தீன். லத்தீனில் அழுத்தத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. நன்னூல் படித்தவனுக்கு நன்றாகப் புரியும் சட்டம், ஏனென்றால் அது குறில் நெடில் கணக்கு. சொல்லின் கடைசிக்கு முந்தின அசை நெடிலாகவோ ஒற்றடுத்தோ இருந்தால் அழுத்தம் அங்கே. குறிலாக இருந்தால் அதற்கும் முந்தின அசையில். ஈரசைச் சொல்லானால் முதலில். இப்போது நேசித்தல் என்ற வினையை லத்தீனில் சொல்லிப் பாருங்கள்: அமோ, அமாஸ், அமத், அமாமுஸ், அமாதிஸ், அமந்த். முதல் மூன்றும் கடைசியும் ஈரசை, ஆகவே அழுத்தம் 'அ'வின்மேல், அதாவது வினைப்பகுதியின்மேல். 'நாம்', 'நீங்கள்' இரண்டில் மட்டும் 'மா' நெடில், ஆகவே அழுத்தம் பகுதியை விட்டு விகுதிப் பக்கம் நகர்ந்துவிடுகிறது.

பல நூறு ஆண்டுகள் பேசிப்பேசித் தேய்ந்தபோது, அழுத்தம் விழுந்த அசை உயிரோடு நின்றது. அதற்குப் பின்னால் வந்தவை உதிர்ந்தன. 'அமத்' என்பதில் தகரம் போனது, கடைசி அகரம் தேய்ந்து எகரமாகி, அதுவும் ஊமையானது. இதுதான் அந்த ஊமை எகரத்தின் பிறப்பு. 'அமந்த்' என்பதன் கடைசியில் இருந்த ந், த் இரண்டும்தான் என்னைச் சிரிப்புக்கு ஆளாக்கிய அந்த என், டி. அவை ஒருகாலத்தில் வாயில் இருந்த எழுத்துகள். வாயை விட்டுப் போன பிறகும் எழுதுகிறவன் கையை விட்டுப் போகவில்லை. ஆகவே அழுத்தம் கடைசிக்கு ஓடிப்போனதாக நினைக்க வேண்டாம். அது நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குப் பின்னால் இருந்த வீடெல்லாம் இடிந்து, அது தெருக்கோடி வீடாகிவிட்டது.

அழுத்தம் விழுந்த உயிரும் சும்மா இருக்கவில்லை. சுமையில் வளைந்து வேறு உயிராக மாறியது. அழுத்தம் விழாத உயிர் மாறாமல் கிடந்தது. அதனால்தான் ஒரே வினைக்கு இரண்டு முகம். வைத்துக்கொள்கிறேன்: ழெ த்யேன். வைத்துக்கொள்கிறோம்: நூ தெனோன். வருகிறேன்: ழெ வ்யேன். வருகிறோம்: நூ வெனோன். விரும்புவதும் சாவதும் அப்படியே. பிரெஞ்சு வாத்தியார்கள் இவற்றை 'ஒழுங்கற்ற வினை' என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். ஒழுங்கு இல்லாமல் இல்லை. நான், நீ, அவன், அவர்கள் நான்கும் ஒரு பக்கம், நாம், நீங்கள் இரண்டும் மறுபக்கம். லத்தீனில் அழுத்தம் எங்கே விழுந்ததோ அந்தக் கோடுதான் இன்றும் எல்லை.

நேசித்தல் வினையில் அந்தக் கோடு ஒருகாலத்தில் இருந்தது. பழைய பிரெஞ்சில் 'அவன்' என்றால் எம், 'நாம்' என்றால் அமோன். பிற்பாடு மக்களே சலித்துப்போய் எல்லாவற்றையும் எகரமாக்கி நூ ஸெமோன் என்று சமப்படுத்திவிட்டார்கள். ஆனால் வருதல், பிடித்தல், விரும்புதல், சாதல் இவற்றில் கைவைக்கவில்லை. அன்றாடம் நூறுமுறை வாயில் வரும் சொற்கள் பழைய வடிவத்தை விடுவதில்லை. வீட்டில் தினமும் புழங்கும் செம்பு நசுங்கியிருந்தாலும் மாற்ற மாட்டோம் இல்லையா, அதுபோல.

இதைக் கேட்டுப் பிரெஞ்சுக்காரன் ஏன் எழுத்தைத் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். 1635-ல் தொடங்கிய அவர்கள் அகாதெமி 1694-ல் முதல் அகராதி போட்டபோது, பழைய எழுத்தின் பக்கம்தான் சாய்ந்தது. நாம் மட்டும் என்ன? 'வருகிறார்கள்' என்று எழுதுகிறோம், 'வராங்க' என்கிறோம். 'இருக்கிறது' என்று எழுதி 'இருக்கு' என்கிறோம். செஞ்சிப் பேருந்தில் ஏறி 'நான் திண்டிவனம் போகிறேன்' என்று முழுசாகச் சொன்னால் நடத்துநர் ஏற இறங்கப் பார்ப்பார். ஒரு வெள்ளைக்காரர் புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டு வந்து 'அவர்கள் வருகிறார்கள்' என்று நம்மிடம் சொன்னால் சிரிப்போம். புதுச்சேரியில் அந்த வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்ததும் அதே சிரிப்புதான். இது புரிந்த பிறகு அந்தக் கோபம் பாதி இறங்கிவிட்டது. பாதிதான்.

அப்படிப் புத்தகத்தோடு வந்த வெள்ளைக்காரர்களும் உண்டு. முசே, துப்பாக்கி, வியாபாரம் என்று வந்தவர்களுக்கு நடுவே, மூசே, துப்புய் என்ற இரண்டு பாதிரியார்கள் புதுச்சேரியில் உட்கார்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதி செய்தார்கள். 1855-ல் ஒரு பாகம், 1862-ல் ஒரு பாகம், மிஷன் அச்சகத்தில் அடித்தது. காரைக்காலில் வளர்ந்த ழூலியேன் வேன்சோன் பாரிசில் தமிழ் கற்பித்து 1903-ல் தமிழ்ப் பாடநூல் ஒன்று எழுதினார். நம் மொழியை அவர்கள் மொழியில் விளக்க அவர்கள் பட்ட பாட்டில் கால்வாசி, அவர்கள் மொழியை நம் இலக்கணத்தால் விளக்க நாம் படவில்லை. இது என் குறை. பாரதிதாசன் பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தவர், எங்கள் தொழில்காரர். அந்தப் பள்ளிகளில் ஓர் அறையில் குற்றியலுகரமும் அடுத்த அறையில் ஊமை எகரமும் நடந்திருக்கும். நடுவில் ஒரு சுவர்.

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கையை விட்டது, 1962-ல் ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு நம் பக்கத்தில் பிரெஞ்சு என்பது மேல்நிலை வகுப்பில் மதிப்பெண் வாங்கும் பாடம். சென்னைப் பிள்ளைகள் தமிழுக்குப் பதில் அதை எடுத்து இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூறு வாங்கிய காலமெல்லாம் உங்களுக்குத் தெரியும். எழுதி வாங்கிய மதிப்பெண். வாய் திறக்க வேண்டியதில்லை.

மாணவி விஷயத்துக்கு வருகிறேன். இப்போது ஏழு ஞாயிறு ஆகிவிட்டது. வினையை நான் எழுதி அனுப்புவதில்லை. அவள் மகன் சொல்லி ஒலிப்பதிவு அனுப்புகிறான், நான் அதைக் கேட்டுத் தமிழ் எழுத்தில் அசை பிரித்து எழுதி அனுப்புகிறேன், அவள் அதைப் பார்த்துச் சொல்கிறாள். பிள்ளை பிறந்த ஊரின் உச்சரிப்பு அவனுடையது, என் உச்சரிப்பை நம்பினால் மறுபடியும் போய்விடும். 'ஆனந்தரங்கப் பிள்ளை முறை' என்று பெயர் வைத்திருக்கிறோம். பையனுக்கு இதில் ஒரு லாபம், தமிழ் எழுத்துகள் பாதி அடையாளம் தெரிந்துவிட்டன. ழகரத்தை மட்டும் பிரெஞ்சு எழுத்து என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் பின்னால் வரும் ஊமையை விட்டுவிட்டாள், முன்னால் வரும் ஸ் சரியாக விழுகிறது. 'நூ ஸெமோன்' என்று மூச்சு விடாமல் பத்து முறை சொன்னாள். ஆனால் எதிர்காலத்தில் இன்னும் தடுக்குகிறது. 'பேசுவேன்' என்பது எழுத்தில் பார்-லெ-ரே என்று மூன்று அசை, பேச்சில் நடு எகரம் விழுந்து பார்ல்-ரே என்று இரண்டாகிவிடுவதும் உண்டு. அவள் மூன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறாள், அழுத்தத்தையும் 'பார்' மேல் வைத்துவிடுகிறாள். தேர்வு அடுத்த மாதம் இரண்டாவது வாரம். பயமாக இருக்கிறது என்கிறாள். எனக்கும்தான்.

புதுச்சேரி, காரைக்கால் பக்கம் உள்ள மாணவர்கள் யார் வீட்டிலாவது தாத்தா காலத்துப் பிரெஞ்சுப் பள்ளி நோட்டு இருந்தால், பக்கவாட்டில் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்திருப்பார்கள், எடைக்குப் போட்டுவிட வேண்டாம். ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எதிர்காலம் எழுதிய பக்கம் கிடைத்தால் இந்த ஞாயிறுக்கே உதவும்.